பார்க்காத பக்கம்

ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துப் பத்து நாள் ஆவதற்குள், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பள்ளி வாசலுக்கு வரும் அம்மாக்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "புஸ்தகம் இவ்வளவுதானா டீச்சர்? ஹோம்வொர்க்கே தர மாட்டேங்கறீங்களே?" பக்கத்துத் தெருப் பிள்ளை வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறது, அதன் பையைத் தூக்க அப்பா கூட வரவேண்டியிருக்கிறது. விதியைச் சொல்லி இந்தக் கேள்வியின் வாயை அடைத்துவிடலாம். என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டப்படி ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும்தான். சுற்றியுள்ள உலகத்தைப் பற்றிய தனிப் புத்தகம் மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் விதி பதிலாகாது. வருஷம் முழுக்க அனுப்பப்போகிறேன், கடைசியில் என் பிள்ளைக்கு என்ன வந்திருக்கும் என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லிப் பழகவில்லை. "நல்லா படிக்கிறான்", "கொஞ்சம் கவனம் பத்தல" என்ற இரண்டு வாக்கியத்தில் ஆண்டை ஓட்டிவிடுகிறோம். நேரான பதில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் தானாக வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் வருஷத்துக்கு வருஷம் நீள வேண்டும். மார்க், ரேங்க், கையெழுத்து, ஆண்டு விழா டான்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

பார்க்காத பக்கம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளின் ஞாபகசக்தி அசாத்தியமானது. வகுப்பே சேர்ந்து நான்கு முறை சத்தமாகப் படித்தால் போதும், முழுப் பாடமும் வாயில் ஏறிவிடும். வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்து ராகம் போட்டுச் சொல்லும்போது, பேரன் படித்துவிட்டான் என்றே ஆயாவுக்குத் தோன்றும். விரலைப் பாருங்கள். வாசிக்கிற பிள்ளையின் விரலும் வாயும் ஒரே சொல்லில் நிற்கும். ஒப்பிக்கிற பிள்ளையின் விரல் வரியின் கடைசிக்குப் போயிருக்கும், வாய் பாதி வரியில் இருக்கும். சில சமயம் வாய் அடுத்த வரிக்கே தாவியிருக்கும். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால், அந்தப் பிள்ளை வரியைத் தொடக்கத்திலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் சொல்லைப் பிடிக்கும். ஒப்பிப்பது கெட்ட காரியமில்லை. பாட்டும் வாய்ப்பாடும் அப்படித்தான் வர வேண்டும். அதை வாசிப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வதுதான் ஆபத்து. மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கமும் பார்க்காத பக்கத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முடிவில் நாலைந்து எளிய சொற்கள் கொண்ட, முன்பின் பார்க்காத சிறு வாக்கியங்கள், 99 வரை எண்கள். இரண்டாம் வகுப்பில் நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல், 999 வரை எண்கள். மூன்றாம் வகுப்பில் பொருள் புரிந்து நிமிஷத்துக்குக் குறைந்தது 60 சொல், 9999 வரை எண்கள். நிமிஷக் கணக்கில் மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "வந்துகொண்டிருந்தார்கள்" என்பது தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. எல்லா மொழிக்கும் ஒரே எண்ணை வைத்தால் தமிழ் படிக்கிற பிள்ளை மந்தமாகத் தெரியும். 2022இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவு வைத்தார்கள், அதுதான் முறை. பெற்றோர் கடிகாரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். திக்காமல் போகிறதா, போனபின் பொருள் சொல்கிறதா என்பது போதும்.

"அ, ஆவெல்லாம் யூகேஜியிலேயே முடிஞ்சிடுச்சே, அப்புறம் என்ன மூணு வருஷம்?" என்பது நியாயமான மறுப்பு. உயிர் 12, மெய் 18 என்று வரிசையாகச் சொல்வது வேறு, 216 உயிர்மெய்யில் எது எந்தச் சொல்லுக்குள் வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பது வேறு. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இந்த வகை எழுத்துமுறையில் எழுத்தறிவு முழுதாக நிலைப்பதற்கு நான்காம் வகுப்பு வரைக்கும் ஆகிறது என்று காட்டியது. தமிழில் கூட்டெழுத்துச் சுமை இல்லை, ஆனாலும் சிக்கல் அதே இனம்தான். "கொடி" என்று எழுதும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காதில் முதலில் விழுவது க். கையோ முதலில் கொம்பு போட வேண்டும், பிறகு க, பிறகு கால். ஒலியின் வரிசை ஒன்று, கையின் வரிசை இன்னொன்று. பல பிள்ளைகள் க எழுதி, கால் போட்டு, கொம்பைக் கடைசியில் கொண்டுபோய்ச் செருகும். "பாம்பு" "பாபு" ஆகும். "குரங்கு" "குரகு" ஆகும், ஏனென்றால் அந்த ம்-உம் ங்-உம் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு காதுக்கு நழுவிவிடும். சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் "பாபு" என்று எழுதிய பிள்ளைக்குப் பா தெரிந்திருக்கிறது, பு தெரிந்திருக்கிறது, ஒரே ஓர் ஒற்று மட்டும் பிடிபடவில்லை. போர்டைப் பார்த்து "பாம்பு" என்று அச்சாக எழுதிய பிள்ளையைவிட, காதால் கேட்டு "பாபு" என்று எழுதிய பிள்ளை ஒரு படி முன்னால் நிற்கிறது. நோட்டில் தப்பே இல்லை என்றால், சந்தோஷப்படுவதற்கு முன் அது பார்த்து எழுதியதா கேட்டு எழுதியதா என்று விசாரிப்பது நல்லது. கணக்கிலும் இப்படித்தான். நூற்றைந்து என்றால் 1005 என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: நூறு, பக்கத்தில் ஐந்து. 42இல் 17 போனால் 35 என்கிற பிள்ளை, பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்ற விதியை 7க்கும் 2க்கும் பொருத்திப் பார்த்திருக்கிறது. இரண்டும் கவனக்குறைவு இல்லை. இடமதிப்பு இன்னும் உட்காரவில்லை என்று அந்தத் தப்பே சொல்கிறது. எத்தனை தப்பு என்று எண்ணுவதைவிட எந்த மாதிரித் தப்பு என்று பார்க்கத் தெரிந்த பெற்றோர், ஆசிரியரின் வேலையில் பாதியை வீட்டிலேயே செய்துவிடுவார்கள்.

ஆண்டும் மாதத்துக்கு மாதம் ஒரே சீராக நகர்வதில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளுக்கும் 2023-24இல் சிபிஎஸ்இ வந்துவிட்டது. இந்த முறையில் புது வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும், மே விடுமுறை, ஜூனில் மறுபடி முதலிலிருந்து. ஜூனில் வரும் பிள்ளைக்கு ஏப்ரலில் படித்தது பாதி நினைவிருக்காது, வில்லியனூர்த் தேர் மட்டும் நினைவிருக்கும். ஜூலை முதல் தீபாவளி வரை வெளிப்பார்வைக்கு ஒன்றுமே நடக்காத காலம். எழுத்துகள் சேர்ந்துகொண்டிருக்கும், வாசிப்பு வந்திருக்காது. பெற்றோருக்குப் பொறுமை போவதும் டியூஷனுக்கு அனுப்புவதும் இப்போதுதான். பிறகு மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றன. அந்த மாதிரி ஆண்டில் டிசம்பர் மாதக் கணக்கைப் பாடப் பக்கங்களில் பார்ப்பது அநியாயம். சாதாரண ஆண்டிலும் வடகிழக்குப் பருவத்தில் வருகை சரியும். எழுத்துகள் நன்றாகச் சேர்ந்திருந்தால், பொங்கல் முடிந்து வருகிற ஜனவரி, பிப்ரவரியில்தான் பல பிள்ளைகளுக்கு வாசிப்பு திடீரென்று பிடிபடும். நேற்று எழுத்துக்கூட்டிய பிள்ளை இன்று சொல்லாக எடுக்கும். ஆகவே அரையாண்டு மார்க்கைப் பார்த்துப் பிள்ளை தேறாது என்று முடிவு கட்டுவது அவசரம். ஆனால் மார்ச்சிலும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், காத்திருப்பதும் தவறு. இந்த இரண்டுக்கும் நடுவில் பெற்றோர் கையில் இருப்பது வருகை. மேல் வகுப்பில் ஒரு வாரம் போனால் ஒரு பாடம் போகும். ஒன்றாம் வகுப்பில் கெ, கே நடந்த வாரம் போனால், பிறகு கொ, கோ, கௌ மூன்றும் ஆட்டம் காணும். காதுகுத்துக்கும் குலதெய்வப் பொங்கலுக்கும் ஒரு நாள் போதாதா என்று ஆசிரியர் முணுமுணுப்பதில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இனி இங்கிலீஷ். கிராமத்துப் பெற்றோரின் ஆங்கில ஆசையை ஏளனம் செய்வது படித்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு, எந்த மேஜையில் எந்த மொழி கேட்கும் என்று நன்றாகத் தெரியும். 2020 தேசியக் கல்விக் கொள்கை, முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிகளோ பெற்றோர் விருப்பத்தைப் பார்த்து ஆங்கில வழிக்குப் போய்விட்டன. இந்த நிலைமையில் எதை எதிர்பார்ப்பது? ஒன்று, இரண்டு வகுப்புகளில் ஆங்கிலம் காது வழியாகவும் வாய் வழியாகவும்தான் வரும்: டீச்சர் சொல்வதைப் புரிந்து செய்வது, பாட்டு, தன்னைப் பற்றி நாலு வாக்கியம். பார்க்காத ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கத்துக்குப் பின்னால்தான் வரும். வாசிப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளை ஒரு முறைதான் கற்கிறது. தனக்குப் பொருள் தெரிந்த மொழியில் அதைக் கற்றால் அடுத்த மொழிக்குக் கொண்டுபோகலாம். பொருள் தெரியாத மொழியில் கற்றால் ஒலி மட்டும்தான் மிஞ்சும். இதில் அதிகம் அடிபடுவது கணக்கு. ராமுவிடம் 15 கோலி, 6 தொலைந்துவிட்டது, மீதி எத்தனை என்று தமிழில் கேட்டால் விரலை மடக்கி 9 என்று சொல்கிற பிள்ளை, அதையே ஆங்கில வாக்கியமாகத் தாளில் பார்த்தால் 21 என்று கூட்டி வைக்கும். அதற்குக் கணக்கு வராது என்று சொல்லிக் கணக்கு டியூஷனில் போட்டால் காசுதான் நஷ்டம். தப்பாகப் போன ஒவ்வொரு கணக்கையும் வீட்டில் ஒரு தடவை தமிழில் வாயால் கேட்டுப் பாருங்கள். பிரச்சினை கணக்கிலா பாஷையிலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

"எல்லாரையும் பாஸ் போடறீங்க, அதனாலதான் படிக்க மாட்டேங்குது" என்பது டீக்கடையிலும் சட்டமன்றத்திலும் ஒரே குரலில் கேட்கிற வாதம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தத்துக்குப் பின் ஐந்திலும் எட்டிலும் நிறுத்துவதா என்பது அரசுகளின் விருப்பம்; முதல் நான்கு வகுப்புகளில் தடை அப்படியே இருக்கிறது. வாதத்தில் பாதி உண்மை உண்டு. 2024 ஏசர் கல்வி நிலை அறிக்கையின்படி, இந்திய கிராமங்களில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவீதம் பேருக்குத்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. வேனில் போகிற பிள்ளைகளும் தப்பவில்லை, தனியார் பள்ளிகளிலும் பாதிக்கு மேல் பிள்ளைகள் அதே பாடத்தில் தடுக்கின. ஆனால் பெயிலாக்கி உட்கார வைத்தால் என்ன நடக்கும்? எழுத்தே சேராத பிள்ளை, போன வருஷம் தனக்கு எட்டாத அதே பாடத்தை அதே வேகத்தில் மறுபடி கேட்கும். வேண்டியது வேறு. மும்பையிலும் வதோதராவிலும் மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை, உள்ளூர் இளம்பெண்கள் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்து அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களோடு அதை ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் ஏறியது, அதிலும் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் ஏறியது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிப்பதும் இதே வழி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு அட்டையைக் கொடுத்தால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதானே நடக்க வைக்க முடியும்?

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். நம் ஊரில் பார்க்காத பக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. கூட்ரோட்டில் நிற்கும் பேனர்களைப் போல வாசிப்புச் சோதனைக்கு வசதியானது வேறில்லை: காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள். வாரத்துக்கு வாரம் மாறும், எழுத்து பெரிது, யாரும் முன்கூட்டி மனப்பாடம் செய்திருக்க முடியாது. ஆயா பேரனை நிறுத்தி "இது யாரு வூட்டு விசேஷம்டா, எந்தத் தேதியாம்?" என்று கேட்டால் போதும். விசேஷம் யாருடையது என்று ஆயாவுக்கு ஏற்கெனவே தெரியும், ஆக விடையைச் சரிபார்க்க எழுத்தறிவு தேவையில்லை. பஸ் போர்டு, பெட்டிக்கடைப் பலகை, கோயில் டியூப் லைட்டில் எழுதியிருக்கும் உபயதாரர் பெயர் எல்லாம் இந்த வேலைக்கு உதவும்.

இன்னொரு மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வாசித்தால் போதும் என்று சொல்லிவிட்டு, நகரத்துப் பிள்ளை ரோபோ செய்வதை வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்களா? பாகூருக்குக் கல்வியில் பெரிய பழம்பெருமை உண்டு; ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைச் செப்பேடு சொல்கிறது. அந்த ஊர்களில் ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கல்விக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. ஊரில் உயர்கல்வி இருந்தும் ஊர்ப் பிள்ளைக்கு எழுத்து எட்டாத நிலை நமக்குப் புதிதில்லை. ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்பறையிலும் அதே நிலை தொடர முடியும். நான்காம் வகுப்பில் எல்லாப் பாடமும் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பக்கத்தை எடுக்க முடியாத பிள்ளைக்கு அறிவியலும் கிடையாது, ரோபோவும் கிடையாது. இரண்டாம் வகுப்பில் வாசிப்பைப் பிடித்த பிள்ளைக்கு எதை வேண்டுமானாலும் கூடுதலாகக் கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, பெற்றோர் எங்களிடம் கறாராகக் கேட்க வேண்டியவை. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல், 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம். ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலைக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதே சட்டம். "கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று அன்போடு அனுமதி தருகிற அப்பாக்களுக்கு, அடிப்பதை அதன் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடி வாங்கிய பிள்ளை போர்டைப் பார்த்து எழுதத்தான் கற்கும், காதால் கேட்டு எழுதிப் பார்க்கும் துணிச்சல் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டங்கள் மின்விசிறியிலும் கழிப்பறைக் குழாயிலும் முடிந்துவிடுகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைப் பால் வராவிட்டால் அன்றைக்கே ஊருக்குத் தெரிகிறது, வாசிப்பு வராதது ஆறாம் வகுப்பு வரை யாருக்கும் தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் பார்க்காத பக்கத்தை வாசிக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் சொல்லில் நிற்கிறார்கள், எத்தனை பேர் எழுத்தில் நிற்கிறார்கள் என்று கூட்டத்தில் கேட்டால், ஆசிரியர் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி மானத்தை வாங்க வேண்டாம், எண்ணிக்கை போதும். மார்ச்சில் உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு சீட்டு கேளுங்கள். எந்த எழுத்துகள் தடுமாறுகின்றன, எவ்வளவு நீளப் பக்கம் போகிறது, கழித்தலில் கடன் வாங்க வருகிறதா என்று நாலு வரி எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் சேர்ந்தால் போதும். அது இல்லாமல் ஏப்ரலில் பாடம் தொடங்கினால், பிள்ளை எங்கே நிற்கிறது என்று புது ஆசிரியர் கண்டுபிடிக்க ஆகஸ்ட் ஆகிவிடும்.